மூன்றாம் மாடி அக்காவுக்கு

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று ராத்திரி ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நடந்ததெல்லாம் உங்கள் எல்லாருக்கும் தெரியும், திரும்பச் சொல்லத் தெம்பில்லை. ரத்தம் கொடுத்தவர்கள், பணம் புரட்டித் தந்தவர்கள், முறைவைத்து டிபன் கேரியர் கொண்டுவந்த தெருக்காரர்கள், என் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்த ஆபீஸ் நண்பர்கள், எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்து சொல்கிறேன்.

ஆனால் இந்த மடல், இதைப் படிக்கவே போகாத ஒருவருக்கு. மூன்றாம் மாடி ஆண்கள் வார்டில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா.

முதல் நாள் "காலைத் தூக்கு பாப்பா" என்று மாப்பை நீட்டியவர், என் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"தம்பின்னு கூப்பிடவா, பாப்பான்னு கூப்பிடவா?"

"தம்பின்னே கூப்பிடுங்க அக்கா."

"சரி தம்பி, காலைத் தூக்கு."

அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலையில் வாய் தவறி "பாப்பா" என்றார். அதே மூச்சில் "தம்பி, அந்த வாளியை நகத்து" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். மன்னிப்புக் கேட்டு உருகவில்லை. உருகுகிறவர்களைக் கடைசியில் நான்தான் தேற்ற வேண்டியிருக்கும். அது தனி வேலை.

மூன்றாம் நாள் ராத்திரி. அந்த வார்டில் இரவுத் துணைக்கு ஆண்கள் மட்டும்தான். புதிதாக வந்த செக்யூரிட்டி என் ஆதாரை வாங்கிப் பார்த்தார். அதில் இன்னும் பழைய பெண் பெயர். பக்கத்தில் நின்றவரிடம் "அது என்னன்னு கேளு" என்றார். அந்த 'அது' எனக்குப் பழக்கம். அவரவர் பாலினத்தை அவரவரே சொல்லலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே சொல்லியாயிற்று. திருநம்பியான என்னைப் போன்றவர்களை என்ன சொல்லால் குறிப்பது என்று தமிழக அரசு 2022-ல் அரசிதழிலேயே பட்டியல் போட்டது. ராத்திரி பத்தரை மணிக்கு வார்டு வாசலில் அதையெல்லாம் யார் விரித்துக் காட்டுவது?

அக்கா வாளியோடு வந்தார். "பெரியவரோட பையன்யா. தம்பி ரெண்டு நாளா தூங்காம கிடக்குது, உள்ள விடு."

கிடக்குது. கவனித்தீர்களா, அதுவும் 'அது'தான். எங்கள் பக்கம் செல்லப் பிள்ளைகளை அப்படித்தான் சொல்வார்கள். படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் உள்ளே போனேன்.

அப்பா விஷயம் வேறு. என்னை "ஏம்மா" என்பதை அவர் நிறுத்தி ஆறு வருடமாகிறது. அந்த இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. "வந்தாச்சா", "சாப்பிட்டாச்சா" என்றே ஓட்டினார். என்னைப் பற்றி யாராவது கேட்டாலும் "கிளம்பியாச்சு" என்பார். தமிழில் ஒளிந்துகொள்ள நிறைய இடம் இருக்கிறது. அக்காவோ பதினோரு நாளும் அவர் கட்டிலடியைக் கூட்டிக்கொண்டே "உங்க பையன் எங்க பெரியவரே?" என்று கேட்டார்.

டிஸ்சார்ஜ் அன்று மருந்துக் கடையிலிருந்து ஓடி வருகிறேன். அப்பா ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ஒரு நிமிஷம்ப்பா, பையன் வர்றான்."

அக்காவின் பெயரை நான் கேட்கவே இல்லை. அக்கா, அக்கா என்றே பதினோரு நாளும் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குப் போகிறோம். கேட்டுக்கொண்டு வருகிறேன்.