பாப்பா கேட்ட கேள்விக்கு

மக்கா,

லெட்டர் கிடைச்சுது. அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுல ரொம்ப சந்தோஷம், சொட்டு மருந்த மட்டும் விடாம போட சொல்லு. பாப்பா ஏரோஸ்பேஸ்தான் படிப்பேன்னு நிக்கிறா, ராக்கெட் கட்டுறத தவிர அதுல வேற என்ன வேலை இருக்குன்னு கேட்டிருந்தே, அதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

விண்கலம் போற வழிய டிசைன் பண்றதே ஒரு முழு வேலை மக்கா. எனக்கு அதுல ரொம்ப புடிச்ச ஆள் ராபர்ட் ஃபார்குவர், அமெரிக்கர். ஹாலோ ஆர்பிட்ங்கிற பேரே அவர் வச்சதுதான். சூரியன் பக்கமா பூமிலருந்து ஒரு 15 லட்சம் கிலோமீட்டர்ல எல்1னு ஒரு புள்ளி இருக்கு, அங்க இருக்கற கலம் பூமியோடவே சேர்ந்து சூரியன சுத்தி வரும், சரியா அங்கயே கலத்த நிறுத்துனா அதுக்குப் பின்னாடி சூரியன் இருக்கறதால ரேடியோ இரைச்சல்ல சிக்னல் கேக்காது, அதனால அந்தப் புள்ளிய சுத்தி ஒரு வளையத்துல ஓட விடுறது, அதான் ஹாலோ ஆர்பிட். 1978ல ஐஎஸ்இஇ-3ங்கிற கலத்த அப்படித்தான் நிறுத்துனாங்க. இப்ப நம்ம ஆதித்யா எல்1 சுத்துறதும் அந்த மாதிரி ஹாலோ ஆர்பிட்லதான், அதுக்கு ப்ராஜெக்ட் டைரக்டரா இருந்த நிகர் ஷாஜி நம்ம செங்கோட்டைக்காரங்க, பாப்பாகிட்ட இத கண்டிப்பா சொல்லு.

ஆனா நான் அசந்து போனது ஐஎஸ்இஇ-3க்கு அப்புறம் நடந்ததுல. அந்தக் கலம் சூரியக் காற்றப் பாக்கப் போனது, வால்மீனுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. ஃபார்குவர் மிச்சம் இருந்த எரிபொருள வச்சே வழிய மாத்துறார், அஞ்சு தடவ நிலாவ ஒட்டி விட்டு அதோட ஈர்ப்புலயே திருப்பி, கடைசித் தடவ 1983 டிசம்பர்ல நிலாவுக்கு மேல வெறும் 120 கிலோமீட்டர் உயரத்துல கடந்து, 1985 செப்டம்பர்ல ஜியாகோபினி-ஸின்னர் வால்மீனோட வாலுக்குள்ள போயிருச்சு. வால்மீன்கிட்ட போன முதல் கலம் அதுதான்! புதுசா ஒரு ஸ்க்ரூ கூட போடல, எல்லாம் கணக்கு.

அப்புறம் அவரோட இன்னொரு கலம், நியர். 1996ல ஏவுனது, ஈராஸ்ங்கிற சிறுகோளுக்குப் போகணும். 1998 டிசம்பர்ல முக்கியமான நேரத்துல எஞ்சின் பாதியில நின்னு, கலம் தாறுமாறா உருண்டு, ஒரு நாளைக்கு மேல சிக்னலே இல்ல. ஈராஸ் பக்கத்துல போயும் நிக்க முடியாம தாண்டிப் போச்சு. ஆனா கையிருப்பு எரிபொருளும் திரும்பி வர்ற வழியும் இருந்துச்சு, அதனால ஒரு வருஷத்துக்கு மேல சூரியன சுத்தி வந்து 2000 பிப்ரவரி 14 அன்னிக்கு ஈராஸ சுத்த ஆரம்பிச்சுது. கிரேக்கக் காதல் தெய்வத்தோட பேரு ஈராஸ், போய்ச் சேர்ந்தது காதலர் தினம், தேதி பாத்து வைக்கறது அந்த மனுஷனோட பழக்கம். ஒரு வருஷம் சுத்திட்டு, இறங்கறதுக்குன்னு செய்யாத அந்தக் கலத்த 2001 பிப்ரவரி 12ல ஈராஸ் மேலயே மெதுவா இறக்குனாங்க, இறங்கின பிறகும் ரெண்டு வாரத்துக்கு மேல டேட்டா அனுப்புச்சு.

அதனால பாப்பாவ மேத்ஸையும் மெக்கானிக்ஸையும் விடாம புடிச்சுக்க சொல்லு, ப்ரோக்ராமிங்கும் வேணும். நாசாவோட ஜிமேட்னு ஒரு சாஃப்ட்வேர் இலவசமாவே கிடைக்குது (அதே பேர்ல எம்பிஏ பரீட்சை ஒண்ணு இருக்கு, அது இல்ல), அதுல அவளே ஒரு ஆர்பிட் போட்டுப் பாக்கலாம். இன்ஸ்டால் பண்ணிட்டு ஞாயித்துக்கிழமை போன் பண்ண சொல்லு, நான் கூட இருந்து சொல்லித் தரேன்.

அம்மாவ கேட்டதா சொல்லு.