பரணில் இருக்கும் பழைய கார்டு

அன்புள்ள குமரா,

அம்மா எழுதுகிறேன். "பரண்ல அந்தப் பழைய கார்டு இருக்காம்மா, இருந்தா கூரியர்ல அனுப்பு" என்று நீ ஒரு வரி அனுப்பியதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வேலையாக இருந்திருப்பாய். கார்டு பத்திரமாக இருக்கிறது. ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, 6 ஜிபி மெமரி. நீ வைத்துவிட்டுப் போன பெட்டியிலேயே, யாரும் கை வைக்கவில்லை.

ஆனால் உன்னிடம்தான் அதைவிடப் புதிய ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு இருக்கிறதே. அதனால் இரண்டின் விவரத்தையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன். கணக்கு டீச்சர் வேறென்ன செய்வேன்?

பழையது 2016-இல் வந்தது, கணக்குப் போடும் சின்னச் சின்ன அலகுகள், அதாவது கூடா கோர், 1280. உன்னுடையது 2023-இல் வந்தது, 3072. தலைமுறை வேறு என்பதால் வெறுமனே வகுத்து இத்தனை மடங்கு என்று சொல்லக்கூடாது என்றான் கீழ்வீட்டுப் பையன். சரி. மெமரி பஸ்ஸை, அதாவது சிப்புக்கும் மெமரிக்கும் நடுவிலுள்ள பாதையின் அகலத்தைப் பார்த்ததும்தான் குழம்பினேன். பழையதில் 192 பிட், புதியதில் 128 தான். ஒருவேளை இதற்காகத்தான் கேட்கிறாயோ என்று பெருக்கிப் பார்த்தேன். பழையதில் இருக்கும் ஜிடிடிஆர்5 மெமரியில் பஸ்ஸின் பிட் ஒன்றுக்கு நொடிக்கு 8 ஜிகாபிட். 192-ஆல் பெருக்கி, 8 பிட் ஒரு பைட் என்பதால் 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 192 ஜிபி. உன் ஜிடிடிஆர்6-இல் 17. 128-ஆல் பெருக்கி வகுத்தால் 272. பஸ் சுருங்கியும் புதியதுதான் முந்துகிறது. சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் என்ற குட்டி மெமரியும் ஒன்றரை எம்பியிலிருந்து 24 எம்பி ஆகியிருக்கிறது, அடிக்கடி மெமரிக்குப் போகவே வேண்டாம். கரண்ட்கூட 120 வாட்டுக்கு 115 தான். பில்லை மிச்சம் பிடிக்க மாற்றுகிறாய் என்றும் நினைக்க வழியில்லை.

பழையதில் ரே டிரேசிங்குக்கான, அதாவது ஒளி போகும் வழியைக் கணக்கிடுவதற்கான, ஆர்டி கோரே கிடையாது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் போட்டுவிட்டு நீ விடிய விடிய உட்கார்ந்திருந்தது இந்தக் கார்டோடுதான். மறுபடி அப்படியா? வேளைக்குச் சாப்பிடு, தூங்கு. 2025 அக்டோபரோடு பழைய கார்டுக்குப் புது கேம் டிரைவரையும் (கார்டை இயக்கும் மென்பொருள்) நிறுத்திவிட்டார்கள், பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை வருமாம்.

4060 பழுதாகிவிட்டது என்றால் சொல், வாரண்டியில் கொடுக்கலாம், பில் அப்பா மெயிலில் இருக்கும். இன்னொரு மெஷினுக்கு என்றால் ரொம்ப சந்தோஷம். வேறு எதுவாக இருந்தாலும் அம்மா ஒன்றும் கேட்கப் போவதில்லை.

2025 பிப்ரவரியில் டெக்னிகலர் என்ற சினிமா கிராபிக்ஸ் கம்பெனி மூடி பெங்களூரில் அத்தனை பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றபோது, நம் பிள்ளை ஹைதராபாத்தில் இருக்கிறானே என்று நிம்மதியாக இருந்தேன். உன் ஆபீஸ் எப்படிப் போகிறது என்று அப்பா தினமும் கேட்கிறார். நான்தான் ஏதாவது சொல்லி வைக்கிறேன். எத்தனை நாள் சொல்வது? உன் பெயர் திரையில் ஓடியபோது நானும் பெரியம்மாவும் எழுந்து நின்று கைதட்டினோம், தியேட்டரே திரும்பிப் பார்த்தது. அப்படிப்பட்டவன் தீபாவளிக்குக்கூட ஒரு போன் போடவில்லை. பெரியம்மா கேட்டதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போயிருந்தேன். பழைய கார்டு விற்க வருகிறவர்களில் நிறையப் பேர் பாதி விலைக்குக்கூடப் போகாமல் கொடுத்துவிட்டுப் போகிறார்களாம், கடைக்காரர் சொன்னார். அவசரத்தில் எதையும் கொடுத்துவிடாதே. பணம் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். கொஞ்சம் உன் அக்கவுண்டில் போட்டிருக்கிறேன், பொங்கலுக்குத் துணி எடுக்க என்று வைத்துக்கொள். துணிதான் எடுக்கவேண்டும் என்றில்லை. வேளைக்குச் சாப்பிடு.

கார்டை ஆன்டிஸ்டேடிக் கவரில் போட்டு, சுற்றிலும் பபிள் ஷீட் வைத்துக் கட்டியாயிற்று. 6 பின் பவர் வயர் உன் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிறதா பார்த்துக்கொள். அப்புறம், பழைய விலாசத்துக்கே அனுப்பலாமா? வீடு மாறியிருந்தால் புது விலாசம் எழுது, வந்த அன்றே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா