‘ஒத்துக்காது’ என்றால் எழுதிக் கொடுங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சேர்க்கைப் படிவத்தில் ‘உடல்நலக் குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அநேகமாக எல்லோரும் அதில் ‘இல்லை’ என்றே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கேட்டருகே நின்று பேசும்போது, “இவனுக்கு இறா ஒத்துக்காது மிஸ், உடம்பெல்லாம் தடிச்சிக்கும்” என்று நீங்களே சொல்கிறீர்கள். எழுதினால் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களோ, பெண் பிள்ளைக்கு அது ஒரு குறையாகிவிடுமோ என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது. போன மாதம் அந்தத் தயக்கத்தோடு என் அறியாமையும் சேர்ந்துகொண்டது.

நான்காம் வகுப்பு மாணவி. மதியம் தோழியின் டப்பாவிலிருந்து இரண்டு வாய் இறால் தொக்கு சாப்பிட்டிருக்கிறாள். காதோரம் சொறிந்துகொண்டே வந்தாள். கழுத்தெல்லாம் தடிப்பு. ‘காணாக்கடி, கண்ணுக்குத் தெரியாம ஏதோ பூச்சி கடிச்சிருக்கு’ என்றார் ஆயாம்மா. நானும் நம்பி, வெற்றிலையும் மிளகும் வாங்கிவர ஆளை அனுப்பினேன். அதற்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டாள். பிறகு “மிஸ்” என்று கூப்பிட்டாளே, அது அவள் குரலே இல்லை. தொண்டையில் துணி அடைத்தது போல இருந்தது. அப்புறம்தான் 108ஐ அழைத்தோம். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். பிள்ளை இப்போது நலம். விசாரித்தால், வீட்டில் ஏற்கெனவே இரண்டு முறை தடித்திருக்கிறதாம்.

அந்த ஊசி அட்ரினலின். கடும் ஒவ்வாமைக்கு முதல் மருந்து அதுதான். அவில், செட்ரிசின் மாத்திரைகள் அரிப்பை அடக்கும். தொண்டை வீங்குவதையோ இரத்த அழுத்தம் சரிவதையோ நிறுத்தாது. போன தடவை வெறும் தடிப்போடு போயிற்று என்பதால் இந்தத் தடவையும் அப்படியே போகும் என்று சொல்ல முடியாது. சில பிள்ளைகளுக்குத் தடிப்பே இல்லாமல் நேராக மூச்சிழுப்பும் மயக்கமும் வரும்.

இனி உதடோ நாக்கோ வீங்கினாலும், குரல் மாறினாலும், மூச்சு இழுத்தாலும், மயக்கம் வந்தாலும், தடிப்போடு வாந்தி சேர்ந்துகொண்டாலும் முதலில் 108ஐ அழைப்போம். உங்களை அதற்குப் பிறகுதான். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். பிள்ளையைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைப்போம். மூச்சு முட்டினால் மட்டும் சாய்த்து உட்கார வைப்போம். எழுந்து நடக்க விடமாட்டோம். நம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற நிலை உங்களுக்கே தெரியும். அதனால்தான் டாக்டர் அட்ரினலின் எழுதித் தந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த மருந்து பள்ளியிலேயே இருக்க வேண்டும் என்கிறேன். டாக்டரின் கடிதத்தோடு, பெயர் ஒட்டிக் கொடுங்கள். அதைப் போட இரண்டு ஆசிரியர்கள் பயிற்சி எடுக்கிறார்கள். பீரோவில் பூட்ட மாட்டோம். என் மேசை மேலேயே இருக்கும். காலாவதித் தேதியை நீங்களும் ஒரு கண் பாருங்கள்.

காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இறால் கொண்டுவராதீர்கள் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சொல்லவும் மாட்டேன். டப்பா மாற்றிச் சாப்பிடுவது மட்டும் வேண்டாம். சாப்பிட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவட்டும், சானிடைசர் போதாது. பிறந்தநாளுக்கு முந்திரி, வேர்க்கடலை போட்ட இனிப்புக்குப் பதில் பென்சில் கொடுங்களேன். முட்டை ஆகாத பிள்ளைகளைப் பற்றிச் சத்துணவு அமைப்பாளரிடம் சொல்லிவிட்டேன், அவர்களுக்கு வாழைப்பழம்.

வீட்டில் இருக்கும் பாட்டிமார்களுக்கு ஒரு வார்த்தை. ‘கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும்’ என்று தயவுசெய்து சோதித்துப் பார்க்காதீர்கள். அது ஆஸ்பத்திரியில், நிபுணர் பக்கத்தில் இருந்து செய்கிற வேலை. ஊசி போட்டுத் தெளிந்ததும் அவசரப்பட்டு வீட்டுக்குக் கூட்டிவரவும் வேண்டாம். சில மணி நேரம் கழித்து அதே ஒவ்வாமை மறுபடி வரலாம்.

இத்துடன் புதிய படிவம் இருக்கிறது. இறால், நண்டு, முட்டை, கடலை, குளவிக்கடி, ஏதாவது மாத்திரை என எது ஒத்துக்காதோ எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். எழுதினதற்காக எந்தப் பிள்ளையையும் வெளியே அனுப்ப மாட்டோம். எழுதச் சிரமப்படுகிறவர்கள் காலை எட்டரைக்கு என் அறைக்கு வாருங்கள். நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை
தண்டையார்பேட்டை, சென்னை