டிராக்கை நிறுத்துங்கள்: ஒரு சர்வதேசப் பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய முதல்வருக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். உங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் அப்பா நான். பள்ளியின் பெயரையும் என் பெயரையும் இதில் எழுதவில்லை. படித்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும், அது போதும். மகளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சென்னை சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டரில் சவுண்ட் இன்ஜினியர். பதினெட்டு வருடமாக ஒருவர் வாயில் இன்னொருவர் குரலை உட்காரவைப்பதுதான் பிழைப்பு. அதனால், ஆண்டு விழாவில் கடலைக் காப்பாற்றும் அந்த நாடகத்தில் என் மகள் ஆமையாக வந்து நாலு வரி பேசியபோது, இரண்டாவது சொல்லிலேயே தெரிந்துவிட்டது. அது அவள் குரல் இல்லை.

வசனம் எல்லாம் முன்னமே பதிவு செய்து ஓடவிடும் டிராக்; மேடையில் பிள்ளைகள் அதற்கு வாயசைப்பார்கள், அவ்வளவுதான். அந்த டிராக்குக்காக அவளும் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பேசிவிட்டுத்தான் வந்தாள். ஒரு சனிக்கிழமை பள்ளி பஸ்ஸில் கூட்டிப் போனார்கள். அப்புறம், விழாவை எடுத்து நடத்திய கம்பெனிக்காரர்கள் உச்சரிப்பு தெளிவாக இல்லை என்று ஏழெட்டுப் பிள்ளைகளின் குரலை நீக்கிவிட்டு, வெளி ஆட்களை வைத்துப் பேசவைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கே அது மேடை ஒத்திகையில்தான் தெரிந்திருக்கிறது. விழா முடிந்து காரில் வரும்போது, முகத்தில் பச்சைச் சாயம் போகாமல் உட்கார்ந்திருந்தவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சிங்க் சரியா இருந்துச்சாப்பா?"

குரலோடு வாயசைப்பு பொருந்தியதா என்று கேட்கிறாள். சரியாகத்தான் இருந்தது. என் வயிற்றெரிச்சலே அதுதான்.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் நீங்கள் எல்லோரும் முன்வரிசையில் இருந்து பார்த்தீர்கள். மூன்றாம் வகுப்புக் காட்சியின் நடுவில் டிராக் நின்றுவிட்டது. மீன்களெல்லாம் கையைத் தூக்கியபடி அப்படியே நின்றன. எனக்குக் கை பரபரத்து கன்சோல் பக்கம் ஓடினேன். லேப்டாப் எதையோ அப்டேட் செய்துகொண்டிருந்தது. முக்கால் நிமிடம் இருக்கும். மேடையில் அறுபது பிள்ளைகள். ஒருவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை, தெரிந்திருக்க வழியும் இல்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது கதையை இல்லையே; எட்டு எண்ணு, திரும்பு, எட்டு எண்ணு, கையைத் தூக்கு, அவ்வளவுதான். கடைசியில் ஆக்டோபஸ் வேடம் போட்ட ஒரு பொடியன் ஓரத்தில் நின்ற ஆசிரியரைப் பார்த்து, "மிஸ், நின்னுடுச்சு!" என்று கத்தினான். கூட்டம் சிரித்தது. அந்த நாடகம் முழுக்க ஒரு குழந்தை தன் சொந்தத் தொண்டையால் பேசியது அந்த இரண்டு சொல்தான்.

தெருக்கூத்தில் இந்த மாதிரி நேரத்தைச் சமாளிக்கவே ஓர் ஆள் இருக்கிறான், கட்டியக்காரன். அடுத்த வேடக்காரர் இன்னும் கிரீடம் கட்டி முடிக்கவில்லையா, அவன் பேசிக்கொண்டே இருப்பான். வருகிற ராஜாவையே நிறுத்தி, நீர் யார், எந்த ஊர் என்று குறுக்குக் கேள்வி கேட்பான். செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரையினர் இந்தக் கலையை விடாமல் வைத்திருக்கிறார்கள். எழுத்தாளர் நா. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியபோது, நடிகனின் குரலுக்கும் உடம்புக்கும் பயிற்சி தேடிப் போனதும் அந்தத் தம்பிரானிடம்தான். பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் எல்லாம் கூத்துப்பட்டறையிலிருந்து வந்தவர்கள். (சினிமாப் பெயர் சொன்னால்தான் கூட்டங்களில் காது கொடுக்கிறார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன்.)

அதற்கும் முன்னால், நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பையன்களை வைத்தே ஒரு கம்பெனி தொடங்கினார், தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. அந்தக் கால பாய்ஸ் கம்பெனிகளின் அடி உதை திரும்ப வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை, அது ஒழிந்தது நல்லது. ஆனால் அந்தச் சபையில் சிறுவனாக இருந்த, பின்னாளில் பெரிய நாடக நடிகரான தி.க. சண்முகத்துக்கு அபிமன்யு வேடம் பொருந்தும் என்று சுவாமிகள் ஒரே இரவில் ஒரு நாடகத்தை எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். கையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து நாடகத்தை எழுதியிருக்கிறார் அந்த மனிதர். இங்கே என்னடாவென்றால், நாடகத்துக்குத் தோதாகப் பிள்ளையின் குரலை மாற்றுகிறார்கள்.

சரி, பழைய கதை வேண்டாம், உங்கள் கையேட்டுக்கே வருகிறேன். நம்முடையது ஐஜிசிஎஸ்இ, அதாவது கேம்பிரிட்ஜ் நடத்தும் சர்வதேசத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு விருப்பப் பாடங்களில் நாடகமும் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் அந்தப் பாடத்தில் செய்முறைக்கு மட்டும் 60 சதவீதம் வைத்திருக்கிறது. மாணவர் ஒரு நாடகப் பகுதியைத் தனியாக நடிக்க வேண்டும், இன்னொன்றைக் குழுவாக நடிக்க வேண்டும், மூன்றாவதாக நண்பர்களோடு சேர்ந்து தாங்களே ஒன்றை உருவாக்கி நடித்துக் காட்ட வேண்டும். மூன்றிலும் டிராக் போட்டு வாயசைக்க முடியாது. எட்டாம் வகுப்புவரை எட்டு எண்ணித் திரும்பிய பிள்ளை, ஒன்பதில் திடீரென்று எங்கிருந்து தானே ஒரு காட்சியை உருவாக்கும்? போன வருடம் அந்தப் பாடத்தை எடுக்க ஆள் சேரவில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் வருத்தப்பட்டீர்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை என்றும் சொன்னீர்கள். உண்மையில் அவர்களுக்கு நாடகம் என்றால் என்ன என்று இதுவரை யாரும் காட்டவில்லை.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆயிரத்துக்கு மேல் கூட்டம், திறந்த மைதானம், கடல் காற்று, அறுபது பிள்ளைகளுக்குக் காலர் மைக் மாட்ட முடியாது. எந்த சவுண்ட்காரனைக் கேட்டாலும் டிராக்தான் பாதுகாப்பு என்பான், நானும் அதையே சொல்வேன். அதனால் மைதானத்தை விடுங்கள். நூலகத்துக்கு மேலே இருக்கும் ஹாலில் நூற்றிருபது பேர் உட்காரலாம். ஃபேனை நிறுத்தினால், பழகிய பிள்ளையின் குரல் மைக்கே இல்லாமல் கடைசி வரிசைக்கு வரும். பயமாக இருந்தால் மேடை விளிம்பில் தரையோடு வைக்கிற பவுண்டரி மைக் மூன்று போதும். ஒரு வகுப்புக்கு ஒரு மாலை, அந்த வகுப்புப் பெற்றோர் மட்டும். எல்இடி சுவர் வேண்டாம், வாடகை இறக்கை வேண்டாம்.

அந்தக் காசில் ஒரு நாடக ஆசிரியரை வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம். இப்போது நடனம் சொல்லிக்கொடுப்பவர் ஆறு வாரம் வந்து, பாதிப் பாடவேளைகளைத் தின்றுவிட்டுப் போகிறார். நம் வாசலில் ஓடும் இதே ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், நேரே தெற்கே போனால், காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் வரும். அங்கே சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. நாடகத்தையே முதுகலையாகப் படித்தவர்கள் அங்கிருந்து வெளியே வருகிறார்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகத் துறை உண்டு. அப்படி ஒருவர் வாரத்துக்கு இரண்டு பாடவேளை வந்து, பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து, "இந்த ஆமைக்கு என்ன கோபம்?" என்று கேட்டால் போதும். என் மகளுக்கு அதற்குப் பதில் இருக்கிறது. அவளை இதுவரை யாரும் கேட்டதில்லை.

உச்சரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவள் ஆங்கிலத்தில் எங்கள் திருநெல்வேலி வாடை கொஞ்சம் அடிக்கும், அது என்னிடமிருந்து வந்தது. நம் பள்ளியில் கொரியப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், அவர்கள் ஆங்கிலத்துக்கும் ஒரு வாசனை உண்டு. எல்லாரையும் விளம்பரக் குரலாக மாற்றிவிட்டு வாசலில் 'சர்வதேச' என்று பலகை வைப்பதில் என்ன பொருள் என்று எனக்குப் புரியவில்லை. தமிழிலோ கொரிய மொழியிலோ நாலு வரி வந்தால்தான் என்ன, ஆமைக்கு எந்த மொழியும் தெரியாது.

பிப்ரவரியில் ஏழாம் வகுப்பை வைத்து ஒரு மாலை முயன்று பாருங்கள். மைக், ஸ்பீக்கர், கேபிள் எல்லாம் நான் கொண்டுவருகிறேன், பணம் வேண்டாம். பிள்ளைகள் வசனத்தை மறப்பார்கள், ஒன்றிரண்டு அழும். பக்கத்தில் நிற்கிற பிள்ளை எடுத்துக்கொடுக்கும்.

கடைசியாக ஒன்று. அந்த விழாக் கம்பெனியிடம் கேட்டு, என் மகள் ஸ்டுடியோவில் பேசிய அந்த டேக் அழிக்கப்படாமல் இருந்தால், அந்த ஃபைலை மட்டும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நாலு வரிதான், பெரிய சைஸ் இருக்காது.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு ஆமையின் அப்பா