கடல் அல்லிக்கு யார் சேறு பூசியது?

அருங்காட்சியகத்தில் புதைபடிவங்களுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு சென்னையில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். எதுவென்று சொல்லவில்லை, படித்தால் உங்களுக்கே தெரியும். பெட்டிக்குள் இரண்டு சுண்ணாம்புக் கற்கள். ஒன்றில் தண்டும் கிண்ணமும் கைகளுமாக ஒரு கடல் அல்லி முழுசாகப் படுத்திருக்கிறது. மற்றதில் சட்டைப் பொத்தான் மாதிரி வட்டுகள் இறைந்து கிடக்கின்றன. இரண்டுக்கும் ஒரே வாசகம்: "கடல் அல்லி. பழங்காலப் பவளத்திட்டில் வாழ்ந்தது."

"தாத்தா, இது செடியா?" என்றாள். நட்சத்திர மீனுக்கு உறவுக்கார விலங்கு என்று ஒரு வரி சேர்த்தால் அது தீர்ந்துவிடும். என் குறை வேறு.

கடல் அல்லியின் உடம்பு நூற்றுக்கணக்கான சுண்ணாம்புத் தகடுகளைத் தசைநாரால் கோத்தது. செத்ததும் நார் அழுகும். சில நாளில், மிஞ்சினால் ஓரிரு வாரத்தில், நார் இற்ற மல்லிகைச் சரம் போல எல்லாம் உதிர்ந்துவிடும். அப்படியிருக்க முழுசாகக் கிடைப்பது எப்படி? உயிரோடு இருக்கும்போதோ, செத்த கையோடோ சேறு மூடியிருக்க வேண்டும். 2015 டிசம்பரில் ஒரே இரவில் வீட்டுக்குள் சேறு புகுந்ததைப் பார்த்த சைதாப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

தண்டு உதிர்ந்து கிடைக்கும் துண்டுகளான வட்டுகளின் கதை நேரெதிர். திட்டின் உச்சியில் அலை ஓயாது. பாறையில் ஒட்டிய வேர்ப்பகுதி மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். தண்டும் வட்டும் உருண்டு சரிவில் போய்க் குவியும். ஆக, வட்டு கிடக்கும் இடம் அல்லி வாழ்ந்த இடமாக இருக்க வேண்டியதில்லை. ஒரே அல்லி நூற்றுக்கணக்கில் வட்டு தரும் என்பதால், குவியலைப் பார்த்துக் காடாக வளர்ந்திருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. அப்புறம் கல்லே மாறிவிடுவதும் உண்டு. சிகாகோ பக்கத்தில், நாற்பது கோடி ஆண்டுக்கும் முந்தைய சிலூரியன் காலத் திட்டுகளில் சுண்ணாம்புக் கல் மெக்னீசியம் சேர்ந்த டாலமைட் என்ற கல்லாக மாறியபோது பல அல்லிகளின் தகடுகள் கரைந்து, அச்சு மட்டுமே மிஞ்சியது.

எனவே கேட்கிறேன்: கல் திட்டின் உச்சியிலிருந்து வந்ததா, சரிவிலிருந்தா, திட்டுகளுக்கு இடையே படிந்த சேற்றிலிருந்தா? பதிவேட்டில் இருந்தால் பலகையில் ஏற்றுங்கள். இல்லையென்றால் "இடம் பதிவாகவில்லை" என்றே எழுதுங்கள், தப்பில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு தகடும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தின் ஒரே படிகம். உடைந்த முகத்தில் வெளிச்சம் பட்டால் பளிச்சென்று மின்னும். பேத்தி ஃபோன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டாள், காவலர் அணைக்கச் சொல்லும்வரை. பெட்டிக்குள் சாய்வாக ஒரு சின்ன விளக்கு போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், சைதாப்பேட்டை