சுவரில் தொங்கும் திஹு

அன்புள்ள மாலாவுக்கு,

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே. உன் சோம்பல் எனக்குத் தெரியும்.

ஃபீனிக்ஸ் வந்த புதிதில், சாலையோரக் கடை ஒன்றில் கட்சினா பொம்மை வாங்கினேன் என்று எழுதியிருந்தேனே, இறகும் முயல் தோலும் ஒட்டியது? அது அரிசோனாவின் பூர்வகுடிகளான ஹோப்பிகள் செய்ததே இல்லையாம்! போன வாரம் ஹெர்ட் மியூசியம் போனபோதுதான் புரிந்தது. செனட்டராக இருந்த பேரி கோல்ட்வாட்டர் 1964இல் கொடுத்த 437 உருவங்கள் அங்கே இருக்கின்றன. அசலைப் பார்த்துவிட்டு வந்து என்னுடையதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

பொம்மை என்று நாம் சொல்வதே சரியில்லை. ஹோப்பிகள் பேச்சில் அது திஹு. கட்சினா என்பது மழை கொண்டுவரும் ஆவிகளின் பெயர். குளிர்காலத்தில், இங்கே அரிசோனாவிலேயே இருக்கும் சான் பிரான்சிஸ்கோ சிகரங்களிலிருந்து ஊருக்குள் வந்து, ஜூலையில் நிமான் சடங்கு முடிந்து திரும்புவார்களாம். பிப்ரவரியில், வெளியே குளிர் நடுக்கும்போது, கிவா என்ற நிலவறையின் கதகதப்பில் அவரை விதைகளை முளைக்க வைக்கிறார்கள். அந்த விழாவில் கட்சினாவே சிறுமியின் கையில் திஹுவைக் கொடுக்கும். வீட்டில் அதைச் சுவரிலோ உத்தரத்திலோ தொங்கவிடுவார்கள். கைக்குழந்தைக்கு என்றால் ஒரு தட்டைப் பலகைதான். அதில் இருப்பவள் ஹஹாயி வூத்தி, கட்சினாக்களின் தாய்.

மியூசியக் கடையில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தக்கை மாதிரி கனமே இல்லை. காட்டன்வுட் மரத்தின் வேரில் செதுக்கியது. தண்ணீரைத் தேடிக்கொண்டு ஓடுகிற வேர் அது. வறண்ட மேட்டில் மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிறவர்கள் வேறு எதில் செதுக்குவார்கள், சொல்?

திஹுவை விற்பார்கள், அதில் தவறில்லை. சடங்கில் அணியும் முகங்கள்தான் வேறு விஷயம். அவற்றை முகமூடி என்றுகூடச் சொல்வதில்லை, நண்பர்கள் என்கிறார்கள். 2013இல் பாரிஸில் அவற்றை ஏலம் விட்டார்கள். கோர்ட்டுக்குப் போயும் நிற்கவில்லை. அந்த டிசம்பரில் அன்னன்பெர்க் அறக்கட்டளை, பேர் சொல்லாமல் போனிலேயே ஏலம் கேட்டு, அபாச்சி என்ற இன்னொரு பூர்வகுடியினருடையதையும் சேர்த்து 24 எடுத்துத் திருப்பிக் கொடுத்ததாம். சொந்த நண்பர்களை மீட்கவும் ஏலம்!

அப்புறம், என் போலியைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். தினமும் குளிப்பாட்டுகிறாள். பசை விட்டு இறகெல்லாம் உதிர்ந்தாயிற்று. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் சரி என்றதும் உன் கையால் எழுது.

உன்,
கமலா