கவரேஜ் வரைபடத்துக்குக் கோப்பும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

செல்போன் நிறுவனங்கள் தங்கள் கவரேஜை இணையதளத்தில் வரைபடமாகக் காட்ட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 சேவைத்தர விதிமுறையில் கட்டாயமாக்கியது வரவேற்கத்தக்கது. ஆனால் வண்ணம் தீட்டிய படத்தை மட்டும் வைத்து எதையும் சரிபார்க்க முடியாது. அதன் அடியிலுள்ள தரவுக் கோப்பையே பொதுமக்கள் பதிவிறக்கும்படி வெளியிட வேண்டும். அதுவும் ஒழுங்காகத் தயாரித்ததாக இருக்க வேண்டும்.

கிராம எல்லையை அலகாக எடுக்கவே கூடாது. சாலையோரம் சிக்னல் எட்டினாலே மலைச்சரிவுக் குடியிருப்பு வரை மொத்தமும் பச்சையாகிவிடும். அமெரிக்காவில் இணைய நிறுவனங்கள் தங்கள் சேவைப் பகுதியை அரசுக்குத் தெரிவித்த படிவம் 477 கணக்கு இப்படித்தான் கெட்டது. கணக்கெடுப்பு வட்டாரத்தில் ஒரே இடத்துக்கு இணைப்பு தர முடிந்தாலும் வட்டாரம் முழுவதற்கும் உண்டு என்று எழுதினார்கள். 2022 நவம்பரில் வெளியான புதிய வரைபடத்துக்கு, மொபைல் கவரேஜை 100 மீட்டர் அல்லது அதைவிடச் சிறிய கட்டங்களில் கணக்கிட வேண்டியிருந்தது. நமக்கும் அது வேண்டும். கூடவே உயரத் தரவையும் சேர்க்காவிட்டால், வால்பாறையிலும் கொல்லிமலையிலும் மலை மறைக்கும் இடங்கள் கணக்கில் வராது. 30 மீட்டர் உயரத் தரவு இலவசமாகவே கிடைக்கிறது.

அடுத்த சிக்கல் ஆயத்தொலைவு. உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரித்து இடங்களை மீட்டரில் குறிக்கும் யூடிஎம் முறையில் தமிழ்நாட்டை 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை இரண்டாகப் பிரிக்கிறது. கோவை, நீலகிரி, தேனி 43ஆம் மண்டலம். மதுரை, சென்னை 44. திண்டுக்கல் நகரம் அந்தத் தீர்க்கரேகையை ஒட்டியே இருக்கிறது. தரவுடன் சேர்ந்து வந்து மண்டலத்தைச் சொல்லும் பிஆர்ஜே (.prj) கோப்பை விட்டுவிட்டு, 44 என்று ஊகித்துத் திறந்தால் கோவை டவர் 6 டிகிரி கிழக்கே நகர்ந்து வங்கக் கடலில் நிற்கும். ஆகவே வெளியிடும் கோப்பு ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முறையின் அட்சரேகை, தீர்க்கரேகையிலேயே இருக்கட்டும். ஐந்து தசம இலக்கம் வைத்தால் ஒரு மீட்டர் அளவுக்குத் துல்லியம். கோப்பின் அளவைக் குறைக்க மூன்று இலக்கமாக வெட்டினால் 110 மீட்டர் வரை பிழை வந்துவிடும். அப்புறம் 100 மீட்டர் கட்டத்துக்கு என்ன அர்த்தம்?

வரைபடத் தரவுக்குப் பரவலாகப் பயன்படும் ஷேப்ஃபைல் என்ற கோப்பு வடிவில் அட்டவணை நெடுவரிசையின் பெயர் 10 எழுத்தைத் தாண்டாது; எழுத்துக் குறியீட்டைக் குறிப்பிடாவிட்டால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். ஜியோபேக்கேஜ் என்ற புதிய கோப்பு வடிவம் அதைவிட நல்லது. ஊர்ப் பெயரை வைத்து அட்டவணையை இணைக்கக் கூடாது; புதூர்கள்தான் எத்தனை! மத்திய அரசின் உள்ளாட்சி விவரத் தொகுப்பான எல்ஜிடி தரும் கிராம எண்ணையே பயன்படுத்த வேண்டும்.

சிக்னல் வலிமை எத்தனை டிபிஎம் (வலிமையை அளக்கும் அலகு) வரை இருந்தால் கவரேஜ் என்று கொண்டார்கள், வீட்டுக்குள்ளா வெளியிலா, எந்தத் தேதிக் கணக்கு என்பதும் ஒவ்வொரு பதிவிலும் இருக்க வேண்டும். இவை இல்லாமல் இரண்டு நிறுவனங்களை ஒப்பிடவே முடியாது. ட்ராய் இதையும் கட்டாயமாக்க வேண்டும்.

– ஜிஐஎஸ் (கணினி வரைபடத்) தரவுப் பணியாளர், திண்டுக்கல்